வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த மாற்றங்கள்: நம் விசுவாசம் வளர்ந்ததா, தளர்ந்ததா? (தருமபுரி, கிருஷ்ணகிரி பங்கு மக்கள் பேசலாம்)

பதிவு 1 | தென்பெண்ணை | கிருஷ்ணகிரி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

எங்கள் அன்பியத்தில் (பக்கத்துக் குடும்பங்கள் கூடும் பங்கின் சிறு குழு) எழுந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய பொதுச்சங்கம்) பிறகு வந்த மாற்றங்களால் நம் ஜனங்களின் விசுவாசம் வளர்ந்ததா, தளர்ந்ததா? பெரியவர்கள் சிலர், "சாமியார் பீடத்தைப் பார்த்துப் பூசை வைத்த வரைக்கும் கோவிலில் பயபக்தி இருந்தது" என்றார்கள். நடுத்தர வயதுக்காரர்கள், "தமிழில் பூசை வந்திருக்காவிட்டால் நாங்கள் என்றைக்கோ விலகிப் போயிருப்போம்" என்றார்கள். குரல்தான் உயர்ந்தது. சங்கம் என்ன சொன்னது என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சங்கம் 1962 அக்டோபர் 11-ல் தொடங்கி 1965 டிசம்பர் 8-ல் முடிந்தது. அதே 1965-ல்தான் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதி) வந்தது 1997-ல். அதாவது பெரிய மாற்றங்கள் நடந்த காலம் முழுக்க நாம் சேலம் மறைமாவட்டத்தின் வடக்கு ஓரத்துக் கிராமங்கள். பல ஊர்களுக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றம் தேவைப்பட்டது. ஆனால் கிராமத்துக்கு அது உத்தரவாக வந்து சேர்ந்தது, விளக்கம் வரவே இல்லை. ஒரு ஞாயிறு பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியை (தடுப்பு அளி) எடுத்தார்கள், இன்னொரு ஞாயிறு பீடத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். ஏன் என்று கேட்டால் "ரோமில் சொல்லிவிட்டார்கள்" என்பதுதான் பதில் என்று என் தகப்பனார் சொல்வார். இன்றைய சண்டையில் பாதி அந்த விளக்கக் குறையால் வந்தது என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். யாரையும் பெயர் சொல்லித் தாக்க வேண்டாம்.

பதிவு 2 | பழைய பூசைப்புத்தகம் | தருமபுரி

எனக்கு 73 வயது. இலத்தீன் பூசைக்கு உதவி செய்த பையன்களில் நானும் ஒருவன். இலத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிய அட்டையை உபதேசியார் (ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார். சாமியார் "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றால் நாங்கள் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்போம். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஜனங்களுக்கு ஒன்றும் புரியாமல் இருந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுத்து புரியவில்லை, சரி. ஆனால் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்தால் கைக்குழந்தையைக்கூட அம்மாக்கள் வாய்பொத்தி அமைதிப்படுத்துவார்கள். நன்மை (நற்கருணை) வாங்கும்போது கிராதி நெடுக வெள்ளைத் துணியை விரித்துப் போடுவோம். அந்தத் துணிக்குக் கீழே கையை வைத்துக்கொண்டுதான் முழந்தாள்படியிட வேண்டும். நான் தட்டைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு சாமியாரோடு பின்னால் நகர்வேன். ஒரு துணுக்கு விழுந்தாலும் சாமியார் நின்றுவிடுவார். அந்த இடத்தைக் கழுவித் துடைத்த பிறகுதான் மறுபடி நடக்கும். அதைப் பார்த்த பையனுக்கு நற்கருணையில் யார் இருக்கிறார் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு நடப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (பாவ அறிக்கை கேட்கும் இடம்) சாமியார் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு நன்மைக்கு மட்டும் கோவில் மொத்தமும் வரிசையில் நிற்கிறது. ஒருசந்தி (ஒருவேளை உணவு), சுத்தபோசனம் (கறி தவிர்ப்பது) என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் இலத்தீனுக்குத் திருப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மரியாதையும் அமைதியும் எங்கே போயின என்றுதான் கேட்கிறேன்.

பதிவு 3 | நாகாவதி | பென்னாகரம் பக்கம்

ஐயா, உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தட்டு பிடித்து நின்ற அந்தக் கிராதிக்கு உள்ளே என் அம்மா போனது கோவில் கூட்டும்போது மட்டும்தான்.

நான் மறைக்கல்வி எடுக்கிறேன், ஞாயிறு முதல் வாசகமும் வாசிக்கிறேன். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊதாரி மகன் கதையையும், கிணற்றடிச் சமாரியப் பெண்ணையும், ரூத்தையும் அவர் தெரிந்துகொண்டது பூசையில் தமிழில் வாசிக்கக் கேட்டுத்தான். பழைய முறையில் ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுச் சுற்று. பழைய ஏற்பாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகமாக எதுவும் வராது. 1969-ல் வந்த புதிய வாசக நூலில் ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுற்று, வார நாளுக்கு இரண்டாண்டுச் சுற்று. வேதாகமத்தை வீட்டில் வாங்கி வைக்க வழியில்லாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று நகரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

1994-ல் சிறுமிகள் பீடத்தில் உதவலாம் என்று ரோம் அனுமதித்தது. 2016-ல் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களைச் சேர்க்கலாம் என்று வந்தது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தையே மாற்றினார். இதில் எல்லாம் என் விசுவாசம் தளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அசைவுப் பாட்டுகள் அத்தனையும் தெரியும். பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நான்கோடு நின்றுவிடுகிறார்கள். திருவருட்சாதனங்கள் ஏழு என்ற எண்ணிக்கைகூட எல்லாருக்கும் தெரியவில்லை. என் தாத்தா ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னவை இவை. இதற்குப் பதில் எனக்கு வேண்டும்.

பதிவு 4 | ஓசூர் ஷிஃப்ட் | ஓசூர்

நான் இங்கே இருப்பவர்களில் சின்னவனாக இருப்பேன், 27 வயது. சிப்காட்டில் வேலை. ஊர் அரூர் பக்கம். ஓசூருக்கு வந்த புதிதில் ஞாயிறு எந்தக் கோவிலுக்குப் போவது என்றே தெரியாது. போன இடத்தில் கீபோர்டு, ட்ரம் பேட், ஒலிபெருக்கி. நன்மை வாங்கிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூட முடியாது, அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும். ஆறு நாள் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு ஏழாம் நாளும் சத்தம்தான்.

இரவு ஷிஃப்ட் முடிந்து போனில் பழைய இலத்தீன் பூசை வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் சென்னைக்குப் போனபோது அப்படி ஒரு பூசைக்கு நேரிலேயே போனேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கடவுள் முன்னால் நிற்கிறேன் என்று அங்கேதான் முதல்முறை தோன்றியது. பெரியவர்கள் இதை "பழைய காலத்து ஏக்கம்" என்கிறார்கள். நான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னாலேயே போய்விட்ட ஒன்றின் மேல் எனக்கு எப்படி ஏக்கம் வரும்?

என் கேள்வி நேரானது. 2007-ல் திருத்தந்தை பெனடிக்ட் இந்தப் பூசையைத் தாராளமாக நடத்தலாம் என்றார். 2021 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆயர் அனுமதி இல்லாமல் கூடாது, பங்குக் கோவிலில் கூடாது என்று இறுக்கினார். முன்னோர் நூற்றுக்கணக்கான வருடம் செபித்த முறை எப்படித் திடீரென்று ஆபத்தாகும்? யாராவது விளக்குங்கள்.

பதிவு 5 | வத்தல்மலை | தருமபுரி

சில வருடம் குருமடத்தில் படித்தவன் என்ற முறையில் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில், 1962-க்கு முன்னால் எதுவும் மாறவே இல்லை, அப்புறம் எல்லாம் தலைகீழானது என்ற படம் சரியில்லை. அடிக்கடி நன்மை வாங்குங்கள் என்று பத்தாம் பயஸ் 1905-ல் சொன்னதே அந்தக் காலத்துக்குப் பெரிய மாற்றம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கலாம் என்றது 1910. பாஸ்கா திருவிழிப்பை (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) பன்னிரண்டாம் பயஸ் 1951-ல் இரவுக்குத் திருப்பினார், 1955-ல் புனித வாரச் சடங்குகள் முழுவதையும் திருத்தினார். நடுநிசியிலிருந்து பட்டினி கிடந்து நன்மை வாங்கும் வழக்கத்தை 1957-ல் மூன்று மணி நேரமாக்கியவரும் அவரே. அதை ஒரு மணி நேரமாக்கியவர் ஆறாம் பவுல், 1964-ல்.

இரண்டாவது, திருவழிபாடு பற்றிய சங்க ஏடு 1963 டிசம்பர் 4-ல் வெளியானது. ஆதரவு 2147, எதிர்ப்பு 4. பிற்பாடு எதிர்ப்பின் முகமாக மாறிய பிரெஞ்சுப் பேராயர் லெஃபேவ்ரும் அதில் கையெழுத்திட்டவர். அந்த ஏட்டின் 36-ம் எண் இலத்தீனைக் காக்கச் சொல்கிறது, அதோடு மக்கள் மொழிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்கிறது. பூசையில் தங்களுக்குரிய பகுதிகளை ஜனங்கள் இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ பழக்க வேண்டும் என்பது 54. கிரகோரியன் பாடலுக்கு (பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடல் முறை) முதன்மை இடம் என்பது 116. குரு மக்களைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை. அதற்கான வழி 1964-ல் வந்த செயல்முறை ஆணையில்தான் திறந்தது. புதிய பூசைப்புத்தகம் 1969-ல் அறிவிக்கப்பட்டது. ஆக, "சங்கம் இலத்தீனை ஒழித்தது" என்பவர்களும் ஏட்டைப் படிக்கவில்லை, "சங்கம் சொன்னதால்தான் இதைச் செய்கிறோம்" என்று எதை வேண்டுமானாலும் செய்பவர்களும் படிக்கவில்லை. அதே ஏட்டின் 14-ம் எண், ஜனங்கள் முழுமையாக, உணர்ந்து, ஈடுபாட்டோடு பங்கேற்பதே எல்லாவற்றிலும் முதலில் கவனிக்க வேண்டியது என்கிறது. இதை விட்டுவிட்டு 116-ஐ மட்டும் தூக்கிப் பிடிப்பதும் நியாயமில்லை.

ஓசூர் தம்பிக்கு: லெஃபேவ்ர் 1970-ல் தன் குரு சபையைத் தொடங்கினார். 1988-ல் திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் நான்கு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். சபை விலக்கு விழுந்தது. அந்த நான்கு ஆயர்கள் மேலிருந்த விலக்கை 2009-ல் பெனடிக்ட் எடுத்தார். ஆனாலும் அந்தக் குழுவின் நிலை முழுமையாக ஒழுங்குபடவில்லை. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் அவர்களுக்கு இடம் உண்டு. நீங்கள் போனது அங்கேயா, ஆயரின் அனுமதியோடு நடக்கும் பூசைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு. 2021-ல் பிரான்சிஸ் சொன்ன காரணம், ஒற்றுமைக்காகக் கொடுத்த அனுமதியைச் சிலர் சங்கத்தையே மறுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் அமைதியாகச் செபிக்க மட்டும் விரும்பிய உங்களைப் போன்றவர்களையும் அந்த ஆணை காயப்படுத்தியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

பதிவு 6 | பழைய பூசைப்புத்தகம்

வத்தல்மலை தம்பி விவரமாக எழுதியிருக்கிறார், நன்றி. ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய பூசை அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 1969 நவம்பர் 26-ல், அதைக் கொண்டுவந்த ஆறாம் பவுலே பொது உரையில் இலத்தீனை விடுவது பெரிய தியாகம், விலைமதிப்பில்லாத ஒன்றை இழக்கிறோம் என்ற பொருளில் வருந்திப் பேசினார். மக்களுக்குப் புரிவது அதைவிடப் பெரிது என்றும் சொன்னார். அவர் வருந்தியதையாவது நாங்கள் வருந்தலாம் அல்லவா? அதற்கே எங்களைப் பழைமைவாதி என்கிறார்கள்.

இன்னொன்றும் என் மனசில் இருக்கிறது. குத்துவிளக்கும் ஆரத்தியும் காவித் துண்டும் பீடத்துக்கு வந்தபோது என் தகப்பனார் அழுதார். "இதை விட்டுவிட்டுத்தானே வந்தோம்" என்பது அவர் கேள்வி.

பதிவு 7 | மாந்தோப்பு | கிருஷ்ணகிரி மாவட்டம்

இத்தனை பதிவுகளில் யாரும் தொடாத இடத்தைத் தொடப்போகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

நான் தலித் கிறிஸ்தவன். "அந்தக் காலத்தில் பக்தி இருந்தது" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: அந்தக் காலத்தில் நாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம்? வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கையாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் பின்னால் இடிக்கப்பட்டது. அங்கே நடந்த பூசை சுத்தமான இலத்தீன் பூசை. கிராதித் துணி வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

அதற்கும் முன்னால் போனால், 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு தெ நொபிலி பூணூலும் குடுமியும் மதச் சின்னம் இல்லை, சமூக அடையாளம்தான் என்று வாதாடினார். 1623-ல் ரோம் அதை ஏற்றது. பிறகு உயர்சாதிக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிந்தது. 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் எனப்பட்ட இந்த உள்ளூர் வழக்கங்களைத் தடுத்து ஆணை போட்டார். அதற்காகக் குருக்கள் எடுத்துவந்த சத்தியப்பிரமாணம் 1940-ல்தான் நீக்கப்பட்டது. ஆகவே "சீர்திருத்தமா பாரம்பரியமா" என்ற சண்டை நம் மண்ணில் 1962-ல் தொடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் சண்டை போட்டவர்கள் மேலே இருந்தவர்கள். விலை கொடுத்தவர்கள் நாங்கள்.

ஆரத்தி பற்றி ஐயா எழுதியதற்கு வருகிறேன். இந்தியத் திருச்சபைக்கு 12 பண்பாட்டு மாற்றங்களை 1969 ஏப்ரலில் ரோம் அனுமதித்தது. கைகூப்பி வணங்குவது, தரையில் அமர்வது, பஞ்சாங்க வணக்கம், எண்ணெய் விளக்கு, ஆரத்தி எல்லாம் அந்தப் பட்டியல். பெங்களூரில் 1967-ல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நடத்தியவர் நம் தமிழ்க் குருவான அமலோர்பவதாஸ். அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்கு இந்தியப் பண்பாடு என்று பீடத்துக்குக் கொண்டுவந்தது யாருடைய பண்பாடு? வடமொழி பஜனை வந்தது. பறை வரவில்லை. எங்கள் அப்பா திருநாள் தேருக்கு முன்னால் வெளியே பறை அடித்தார், கோவில் வாசலோடு நின்றார். இன்று சில ஊர்களில் காணிக்கைப் பவனியில் பறை உள்ளே வருகிறது. அது வந்த நாளில் என் விசுவாசம் வளர்ந்தது. இதை யாரிடமும் வாதாடி நிரூபிக்கத் தேவையில்லை.

ஐயாவின் தகப்பனார் அழுததும் உண்மையான கண்ணீர்தான். ஆனால் அவர் "இதை விட்டுவிட்டு வந்தோம்" என்றபோது சாதியையும் விட்டுவிட்டு வந்தாரா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

பதிவு 8 | தளி ரோடு | ஓசூர்

எங்கள் குடும்பம் சீரோ மலபார் வழிபாட்டு முறை (கேரளத்தின் கிழக்கத்திய கத்தோலிக்க மரபு), ஓசூருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. 2017-ல் ஓசூர் பெயரிலேயே எங்களுக்கு மறைமாவட்டம் வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இலத்தீனா தமிழா என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் குர்பானாவில் (பூசையில்) குரு எந்தப் பக்கம் பார்ப்பது என்பதற்கே கேரளத்தில் கோவில் பூட்டும் அளவுக்குப் போயிற்று. ஆரம்பப் பகுதி மக்களைப் பார்த்து, நற்கருணை மன்றாட்டு பீடத்தைப் பார்த்து என்று 2021-ல் ஆயர் மன்றம் ஒரே முறையை முடிவுசெய்தது. எறணாகுளம் அங்கமாலியில் பெரும்பாலான குருக்கள் ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் சங்கத்தின் பெயரைத்தான் சொன்னார்கள். தயவுசெய்து அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் செய்தி வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை.

பதிவு 9 | காவேரிப்பட்டணம்

என் தங்கை குடும்பம் பெந்தகோஸ்தே சபைக்குப் போய்ச் சில வருடம் ஆகிறது. ஏன் போனாய் என்று கேட்டேன். இலத்தீனும் இல்லை, தமிழும் இல்லை, ஆரத்தியும் இல்லை. அவள் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது பங்கிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சபைப் போதகர் தினமும் சாயங்காலம் வந்து தலையில் கை வைத்துச் செபித்தார், கடைக்குப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் காரணம். அன்பியம் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது? ஆண்டுத் திருநாள் வரி வசூலிக்க மட்டும் வீட்டுக்கு வந்தால் ஜனங்கள் எப்படி நிற்பார்கள்?

பதிவு 10 | தென்பெண்ணை

காவேரிப்பட்டணம் அக்கா எழுதியதைப் படித்ததும் நான் முதல் பதிவில் எழுத நினைத்து விட்டது நினைவுக்கு வந்தது: உபதேசியார்.

நம் இரண்டு மாவட்டத்திலும் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சாமியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார். சாயங்காலம் மணியடித்துப் பிள்ளைகளைச் சாவடியில் உட்காரவைத்து மந்திரம் (செபங்கள்) சொல்லிக்கொடுப்பார். சாகக் கிடப்பவர் பக்கத்தில் இரவெல்லாம் இருந்து செபம் சொல்வார். கல்யாணப் பேச்சிலிருந்து வாய்க்கால் தகராறு வரை அவரிடம்தான் வரும். கூலி குறைவு, மரியாதை அதிகம். அவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபோது அந்த இடத்தில் ஆள் போடவில்லை. ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேர மறைக்கல்வி வந்தது. அதற்கும் டியூஷன் இருக்கிறதென்று பிள்ளைகள் வருவதில்லை.

சங்கம் இதைச் சொல்லவில்லை. மறைபரப்புப் பணி பற்றிய 1965 ஏடு உபதேசியார்களை உயர்வாகப் பேசி, அவர்களுக்கு நல்ல பயிற்சியும் முறையான வாழ்க்கைச் சம்பளமும் கொடுக்கச் சொல்கிறது. நாகாவதி டீச்சர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உங்கள் தாத்தா பத்துக் கட்டளையை ஒப்பித்ததற்கு இலத்தீன் காரணம் இல்லை. தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் ஊரிலேயே இருந்தார்.

பதிவு 11 | பழைய பூசைப்புத்தகம்

இதில் பாதி சரி. ஆனால் அந்த உபதேசியாருக்குப் பின்னால் ஒரு முழு ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை கறி இல்லை, தபசுகாலத்தில் கல்யாணம் இல்லை, ஞாயிறு பூசை விட்டால் சாவான பாவம். அந்த ஒழுங்கைத் தளர்த்திவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் போதும் என்றால் எப்படி? மனிதன் உடம்பாலும் விசுவசிக்கிறான். முழங்கால் மடங்காத இடத்தில் மனசும் மடங்குவதில்லை.

மாந்தோப்பு தம்பிக்கு: சுவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு மறுப்பு இல்லை. அது பாவம். ஆனால் அந்தப் பாவத்துக்கு இலத்தீனையோ முழந்தாளையோ காரணம் சொல்லாதீர்கள். தமிழ்ப் பூசை வந்து இத்தனை வருடம் ஆகியும் சாதி போகவில்லையே.

பதிவு 12 | ஓசூர் ஷிஃப்ட்

எல்லாருக்கும் நன்றி. வத்தல்மலை அண்ணா சொன்ன வித்தியாசம் எனக்குத் தெரியாது, விசாரித்துக்கொள்கிறேன்.

என் தலைமுறைக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ஒருங்கியக்க ஆயர் மாமன்றத்துக்காக (திருச்சபை எல்லாரும் சேர்ந்து நடப்பது பற்றிய உலக ஆயர் கூட்டம்) அன்பியங்களில் கருத்துக் கேட்டார்கள். 2023-லும் 2024-லும் ரோமில் கூடினார்கள், பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். நாங்கள் சொன்னது எங்கே போயிற்று என்று எங்கள் பங்கில் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. நடுவில் 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையருக்கு ஆசீர் தருவது பற்றிய அறிக்கை வந்தது, ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் எங்கள் நாட்டில் முடியாது என்றார்கள். கம்பெனி ஹாஸ்டலில் வேறு மத நண்பர்கள் என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். மறையுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யூடியூபில் கத்துகிறவர்கள்தான் எங்களுக்கு வேதபாடம் எடுக்கிறார்கள். ஒரு ஃபாதர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். நான் இப்போது முழந்தாள்படியிட்டு நாவில் நன்மை வாங்க விரும்புகிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு இடத்தில் "எழுந்து நில்லுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். இது தப்பா?

பதிவு 13 | வத்தல்மலை

தப்பே இல்லை. 2004-ல் இரண்டாம் ஜான் பால் காலத்தில் வந்த திருவழிபாட்டு அறிவுரையில் தெளிவாக இருக்கிறது: முழந்தாள்படியிட்டு வாங்க விரும்புகிறார் என்பதற்காகவோ நின்று வாங்குகிறார் என்பதற்காகவோ நன்மை மறுக்கக் கூடாது (91). நாவில் வாங்குவது எப்போதும் விசுவாசியின் உரிமை (92). பூசைக்கு முன்னால் ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், வரிசையின் கடைசியில் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதே சமயம் கையில் வாங்குகிறவரைக் குறைந்த பக்திக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் திருச்சபை அனுமதித்த முறைதான்.

பழைய பூசைப்புத்தகம் ஐயாவுக்கு: உடம்பாலும் விசுவசிக்கிறோம் என்றது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமைத் தவத்தை ஆறாம் பவுல் 1966-ல் எடுத்துவிடவில்லை. அந்தந்த நாட்டு ஆயர்கள் அதை வேறு தவமாகவோ அறச்செயலாகவோ மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். நாம் கறியை விடுவதையும் விட்டோம், மாற்றுத் தவத்தையும் செய்யவில்லை. இதை ரோம் மேல் போட முடியாது.

பதிவு 14 | நாகாவதி

ஐயா, ஒரு வேண்டுகோள். திருவழிபாட்டு ஏட்டின் 54-ம் எண் சொல்கிறபடி என் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு "சாங்துஸ்" (தூயவர்), "ஆஞ்ஞுஸ் தேயி" (இறைவனின் செம்மறியே) என்ற இலத்தீன் பாடல்கள் இரண்டையும் சொல்லிக்கொடுக்க வருவீர்களா? தமிழ் எழுத்தில் எழுதிய அட்டை போதும். பொருளை நான் சொல்லிக்கொடுக்கிறேன். பெண் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், பீடத்திலும் நிற்பார்கள், அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

தபசுகாலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதைக்குப் பிறகு அரை மணி நேரம் ஏட்டையே வாசித்துப் பேசலாம் என்றும் நினைக்கிறேன். 14, 36, 54, 116 என்று ஆரம்பிக்கலாமா?

பதிவு 15 | பழைய பூசைப்புத்தகம்

வருகிறேன் அம்மா. பெண் பிள்ளைகள் பாடட்டும், எனக்குச் சந்தோஷம். பீடத்தில் நிற்பது பற்றி என் எண்ணம் மாறவில்லை, ஆனால் பிள்ளைகள் முன்னால் அதைப் பேச மாட்டேன். "ஆஞ்ஞுஸ் தேயி" மெட்டைப் போனில் பாடி அனுப்புகிறேன், முதலில் நீங்கள் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பதிவு 16 | மாந்தோப்பு

ஐயா, தமிழ்ப் பூசை வந்தும் சாதி போகவில்லை என்றீர்கள். நான் சொல்வதும் அதுதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக அரசு எங்களைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. அதற்காகத் திருச்சபை எங்களோடு தெருவில் நின்று போராடுகிறது, சந்தோஷம். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள்ளே தீண்டாமை இருப்பதை வெளிப்படையாகச் சொன்னது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். மேலே இவ்வளவு நடந்தும் எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள் அன்று இரண்டு இடத்தில் கல்லறைகளை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வேண்டியிருக்கிறது, நடுவில் முள்வேலி. அன்பியங்களைத் தெரு வாரியாகப் பிரித்ததால் அன்பியமும் சாதி வாரியாகத்தான் கூடுகிறது.

டீச்சர், உங்கள் பட்டியலில் 32-ம் எண்ணைக் காணோம். திருப்பணியையும் குருத்துவத்தையும் சார்ந்த வேறுபாடு, அரசு அதிகாரிகளுக்குச் சட்டப்படி தரும் மரியாதை, இவை தவிர வழிபாட்டில் எந்தத் தனி ஆளுக்கும் எந்த வகுப்பாருக்கும் சிறப்பு முதன்மை கூடாது என்கிறது அது. முதல் வெள்ளி அதை வாசியுங்கள். இரண்டு தெருக்காரர்களையும் ஒரே இடத்தில் கூப்பிடுங்கள். நான் வருகிறேன், எங்கள் தெருவிலிருந்து ஆட்களையும் அழைத்து வருகிறேன்.

பதிவு 17 | நாகாவதி

சரி, முதல் வெள்ளி 32. வீட்டில் வைக்க வேண்டாம், கோவிலிலேயே கூடுவோம். ஃபாதரிடம் நான் பேசுகிறேன்.